சாந்தமும் இறைநம்பிக்கையும்: கண்டியில் புனித யோசேவாஸ் வாழ்ந்து காட்டிய வழி

தமக்கு இழைக்கப்படும் தீங்கைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டுவிட்டு, கையிலுள்ள கடமையைத் தளராமல் செய்யும் மனவுறுதியைக் கிறிஸ்தவ மரபு சாந்தம் என்கிறது. கல்விப் பட்டம் ஒருவருக்கு மதிப்பையும், பிறர் காதுகொடுத்துக் கேட்கும் குரலையும் தருகிறது. அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்வி பட்டமளிப்பு நாளிலேயே தொடங்கிவிடுகிறது. சாந்தத்தைப் பற்றிய சிந்தனை அந்தக் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது.

விவிலியத்தில் இக்குணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. உலக மாந்தர் அனைவரிலும் சாந்தமானவர் என்று எண்ணாகமம் மோசேயைக் குறிப்பிடுகிறது. பார்வோனின் அரண்மனைக்குள் சென்று அடிமைகளின் விடுதலையைக் கேட்டவரும் அவரே. 37ஆம் திருப்பாடல் ஆண்டவரை நம்பி நன்மை செய்யும்படி முதலில் கூறுகிறது. சாந்தமுள்ளோர் நாட்டை உரிமையாக்கிக்கொள்வர் என்ற வாக்குறுதி அதன் பிறகே வருகிறது. மலைப்பொழிவில் இயேசு அந்த வாக்குறுதியை மீண்டும் வழங்கினார். கலாத்தியருக்கு எழுதிய பவுல் சாந்தத்தைத் தூய ஆவியின் கனிகளுள் ஒன்றாக வைத்தார். நம்பிக்கை வேர், சாந்தம் அதன் கனி என்ற ஒழுங்கு இவை எல்லாவற்றிலும் தெரிகிறது.

கண்டி மண்ணில் இந்த ஒழுங்கை வாழ்ந்து காட்டியவர் புனித யோசேவாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் கொங்கணி பேசும் பிராமணக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, 1676இல் குருவானார். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். அதனால் இலங்கைக் கத்தோலிக்கர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் குருக்களின்றித் தவித்தனர். 1687இல் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அந்தச் செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டு கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். குடிப்பிறப்பும் குருப்பட்டமும் தந்த மரியாதை அனைத்தையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்தவருக்கு அந்தப் பிச்சைப் பாத்திரம் இழிவாகத் தோன்றவில்லை.

1692இல் அவர் புத்தளத்திலிருந்து கண்டிக்குச் சென்றார். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்ட, அவர் சிறையிடப்பட்டார். பொய்ப்பழி சுமந்த மனிதர் பெரும்பாலும் தம் நிரபராதத்தை நிலைநாட்டுவதிலேயே நாளைக் கழிப்பார். அடிகளாரோ செபத்திலும் சிங்களம் கற்பதிலும் ஈடுபட்டார். தம்மைச் சந்தேகித்த நாட்டின் மொழியை, அந்த நாட்டின் சிறையிலிருந்தே கற்றுக்கொண்டது சாந்தத்தின் மிகத் தெளிவான செயல். காலப்போக்கில் காவல் தளர்ந்தது. கொடிய வறட்சியின்போது அவர் செபிக்க மழை பெய்தது என்று மரபு கூறுகிறது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு மறைப்பணியாற்றும் உரிமையையும் வழங்கினான்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் வசதியுள்ளோரும் நகரை விட்டு அகன்றனர். நோயாளர் பலரை உறவினரே கைவிட்டனர். அடிகளாரும் அவருடன் பணியாற்றிய யோசே கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று உணவளித்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தர், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அந்தப் பணியில் இருக்கவில்லை. அதே ஆண்டில் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதா எனும் பிக்குகளின் உயர்நிலைத் துறவறச் சடங்கைப் புதுப்பித்தவன் இம்மன்னன். பௌத்தத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவனது நன்மதிப்பை அடிகளார் தம் தொண்டினாலேயே பெற்றார். தன்னைக் காக்கும் கவலையைக் கடவுளிடம் விட்டவருக்கே பிறரைக் காக்கக் கை ஓய்வாக இருக்கும் என்பதை அந்த ஆண்டு கண்டி நகரம் நேரில் கண்டது.

இந்த வாழ்வு இரு தவறான எண்ணங்களைத் திருத்துகிறது. சாந்தமுள்ளவர் அநீதிக்கு இணங்கிப் போவார் என்பது முதலாவது. ஒல்லாந்தரின் தடையை அடிகளார் ஒருநாளும் ஏற்கவில்லை. அதை மீறியே மக்களிடம் சென்றார். தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தவர், மக்கள் இழந்த உரிமையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கடவுளை நம்புகிறவர் முயற்சி செய்யமாட்டார் என்பது இரண்டாவது. அவர் மொழிகளைக் கற்றார், கோவாவிலிருந்து உதவிக் குருக்களைக் கேட்டுப் பெற்றார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி அப்பணிக்கு உறுதியான அடித்தளம் இட்டார். உயர்பதவி தம்மைத் தேடி வந்தபோது யோசேவாஸ் அதை ஏற்கவில்லை; 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே இறந்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதர் பட்டமும் வழங்கினர்.

கண்டியைச் சுற்றி அந்தப் பாடத்திற்கு இன்றும் தேவை உண்டு. அம்பிட்டியவின் குருத்துவக் கல்லூரியிலும், 1963இல் பிலிமத்தலாவையில் நிறுவப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரியிலும் தமிழ், சிங்கள மாணவர் ஒன்றாகப் பயில்கின்றனர். போரும் இனக்கலவரமும் கண்ட நாட்டில், அடுத்த சமூகத்தின் மொழியைக் கற்று, அதன் துயரத்தை அந்த மொழியிலேயே கேட்பது பட்டதாரியின் முதற்கடமை. பழி வரும்போது வேலையைக் கைவிடாதிருத்தல், பதவியைத் தேடாதிருத்தல், எளியவருக்கு இழைக்கப்படும் அநீதியின்முன் வாய்மூடாதிருத்தல் ஆகியவை அதைத் தொடர்ந்து வருபவை. தோட்டப் பாடசாலையின் ஆசிரியருக்கும், மருத்துவமனைத் தாதிக்கும், ஆலயத்தின் போதகருக்கும் இவை பொதுவானவை. இவற்றை நாள்தோறும் செய்து பழகுபவரிடம் நம்பிக்கை பேச்சோடு நின்றுவிடாமல் குணமாக ஊன்றிவிடுகிறது. பெற்ற கல்வியும் அப்போதுதான் அயலாருக்குப் பயன்படும் செல்வமாகிறது.