சாவி யார் கையில்?

(ஸ்ரீரங்கத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாலை வகுப்பில் நிகழ்த்திய உரை)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச உழைப்பாளிகளை ஏன் கூட்டினீர்கள் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

ஆலையில் வருகைப் பதிவு எதில் ஏறுகிறது? கூலிச் சீட்டு எதிலிருந்து வருகிறது? சேமநிதிக் கணக்கு எங்கே இருக்கிறது? கிராமத்தில் ஊரக வேலைக் கூலி, ரேஷன் கடைக் கைரேகை, கூட்டுறவுச் சங்கக் கடன் எல்லாம் எதில்? கம்ப்யூட்டரில்தான். "சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வா" என்ற சொல்லால் ஒரு நாள் கூலியை இழந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்! ஆகவே அந்த யந்திரத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

பழைய பஞ்சாலை மூத்த தொழிலாளர்களுக்கு நினைவிருக்கும். ஒரே நீண்ட தண்டு சுழலும். அதிலிருந்து பெல்ட் மூலம் எல்லா யந்திரங்களும் ஓடும். தண்டு நின்றால் ஆலை நிற்கும். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு தண்டு உண்டு. அதற்கு இயங்குதளம் என்று பெயர். கடிதம் அடிப்பதானாலும் கணக்கு எழுதுவதானாலும் அதன்மேல்தான் ஓட வேண்டும். மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ் ஒரு தண்டு. லினக்ஸ் இன்னொரு தண்டு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? விண்டோஸை இயக்கும் மூலநிரலை, அதாவது அதன் வரைபடத்தை, கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. நாம் பணம் கொடுத்து வாங்குவது ஓட்டும் உரிமை மட்டுமே. பிரித்துப் பார்க்கவோ, மாற்றவோ, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவோ உரிமை இல்லை. லினக்ஸின் வரைபடம் பகிரங்கமானது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.

இது எப்படி வந்தது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே இருந்த பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சரிசெய்ய அவருக்குத் தெரியும். ஆனால் மூலநிரலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். வேலை தெரிந்தவன் கையைக் கட்டிப் போட்டால் என்ன செய்வான்? 1983-இல் அவர் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1989-இல் ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம் வந்தது. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தன. தண்டு சுழலத் தொடங்கியது.

அந்த உரிமப் பத்திரத்தை நம்மூர் வழக்கத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். வாய்க்காலைத் தூர்வார ஊர் கூடிக் குடிமராமத்து செய்யும். தூர்வாரியவன் "இனி தண்ணீர் எனக்கு மட்டும்" என்று மடையை அடைக்க முடியாது. ஜி.பி.எல். அதே கட்டுப்பாடுதான். பொதுச் சொத்தை எடுத்துத் திருத்து, விற்று லாபமும் அடை. ஆனால் திருத்தியதை யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு வரைபடத்தையும், அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடு!

முதலாளிகளே ஏன் ஏற்றார்கள்?

2001-இல் மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார். பிறகு என்ன நடந்தது? 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகமான 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனின் அடியிலும் லினக்ஸ்தான். நம் கைரேகையை வாங்கிய ஆதார் அமைப்பும் திறந்த மூலநிரல் மென்பொருள்களைக் கொண்டே கட்டப்பட்டது. புற்றுநோய் என்று சொன்ன மைக்ரோசாஃப்டே இன்று தன் மேகக் கணினி வியாபாரத்தில் லினக்ஸை வாடகைக்கு விடுகிறது. லினக்ஸை வைத்தே வளர்ந்த ரெட்ஹாட் கம்பெனியை ஐ.பி.எம். 2019-இல் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

இவர்கள் தருமத்துக்காகவா வந்தார்கள்? இல்லை. தன் ஆலையின் தண்டு போட்டியாளன் கையில் இருப்பதை எந்த முதலாளியும் விரும்பமாட்டான். ஆகவே பொதுத் தண்டுக்கு எல்லோரும் ஆள் கொடுக்கிறார்கள். இன்று லினக்ஸின் மையப் பகுதிக்கு நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள். பொதுச் சொத்து தரத்தில் தாழ்ந்தது என்று சொல்வோருக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

நம் மாநிலத்தில்

தமிழகத்திலும் முயற்சி நடந்தது. சி. உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், அந்த அரசு ஸ்தாபனம் தன் அலுவலகத்தை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ் ஏறியது. அதே 2007-இல் மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் பதிப்பு வெளிவந்தது. அதில் தமிழிலேயே வேலை செய்யலாம். 2015-இல் மத்திய சர்க்கார், அரசு அலுவலகங்களில் திறந்த மூலநிரலுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது.

அப்படியானால் திருச்சியில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் மேஜைமேல் பெரும்பாலும் விண்டோஸையே பார்க்கிறோமே, ஏன்? துவாக்குடியில் பெல் ஆலைக்கு உதிரி பாகம் செய்து தரும் சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கணக்கு எழுதும் டாலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. வரைபடம் போடும் ஆட்டோகேடும் அப்படியே. அச்சகங்களில் பழைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும். தண்டு இலவசம் என்றாலும், அதில் பூட்ட வேண்டிய பெல்ட் பழைய தண்டுக்கே பொருந்துகிறது. இதை மறைத்துப் பேசுவதால் பயனில்லை.

இரண்டாவது காரணம் பயிற்சி. 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் லினக்ஸும் சேர்த்தே ஏற்றிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுக்க ஆளில்லாத இடத்தில் பிள்ளை எதைத் திறக்கும்? கடைத்தெருவில் பார்த்துப் பழகியதைத்தான். கேரளத்தில் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றியபோது ஆசிரியர்களுக்குத் திரளாகப் பயிற்சி கொடுத்தார்கள். பாடத்தையும் தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். அங்கே அது நிலைத்தது.

புதிய பூட்டு

வெற்றி கிடைத்துவிட்டது என்று தூங்கவும் கூடாது. சென்ட் ஓ.எஸ். என்ற பதிப்பைக் கட்டணமில்லாமல் உலகெங்கும் சிறு ஸ்தாபனங்கள் பயன்படுத்தி வந்தன. 2020 டிசம்பரில் ரெட்ஹாட் அதன் பழைய வடிவத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2023 ஜூனில் தன் முக்கியப் பதிப்பின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதையும் நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மட்டும் என்றது. ஆனால் மடை முழுவதும் அடைபடவில்லை. உரிமப் பத்திரம் கையில் இருந்ததால் 2021-லேயே ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகளை எழுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆற்றுத் தண்ணீர் பொதுவானது. ஆனால் பம்ப்செட் ஒருவனுடையதானால் மணிக்கு இவ்வளவு என்று அவன் வசூலிப்பான். டெல்டாவில் இது நமக்குப் புதிதல்ல. அமேஸான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் லினக்ஸை இப்படித்தான் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. வரைபடம் திறந்திருந்தால் மட்டும் போதாது. யந்திரமும் வேலைத் திறமையும் நம் பக்கம் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. நன்றாக ஓடும் எத்தனையோ பழைய யந்திரங்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. திருகு தேயவில்லை, மோட்டார் எரியவில்லை. கம்பெனி கைவிட்டது என்பதற்காகவே பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டுமா? சங்க அலுவலகத்திலும், படிப்பகத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும் கிடக்கும் அந்த யந்திரங்களில் லினக்ஸை ஏற்றினால் இன்னும் பல ஆண்டுகள் கடிதம் அடிக்கலாம், கணக்கு வைக்கலாம், பிள்ளைகள் படிக்கலாம்.

முதலில் ஒரு யந்திரத்தில் செய்வோம். எந்த வேலை அதில் நடக்கிறது, எது நடக்கவில்லை என்று குறித்து வைப்போம். நம் வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேராவது அதைப் பிரித்துப் பூட்டக் கற்கட்டும். கிராமசபையிலும் கூட்டுறவுப் பொதுக்குழுவிலும் கேட்போம்: பொதுப் பணத்தில் வாங்கும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு கட்டுகிறீர்கள்? நம் கணக்கை வேறு கம்பெனியின் மென்பொருளுக்கு மாற்ற முடியுமா? பழுதானால் உள்ளூர் ஆள் சரிசெய்ய முடியுமா?

இலவசமா என்பது இரண்டாவது கேள்வி. பழுது பார்க்கும் உரிமை உண்டா என்பதே முதல் கேள்வி. யந்திரத்தோடு வாழ்கிற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வகுப்புக்கு வரும்போது, வீட்டிலோ சங்கத்திலோ மூலையில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். பேச்சை அன்று குறைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம்.