கம்பி வந்தால் போதாது, கதவும் திறக்க வேண்டும்

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

மழை தொடங்கினால் மரக்காணத்து உப்புப் பாத்திகளில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருக்கிறது. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியப் பதிவும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் இன்று இணையம் வழியாகத்தான். கடைசித் தேதியில் சிக்னல் இல்லை என்றாலோ, ஓடிபி வரும் ஒரே போன் கணவரோடு கடலுக்குப் போயிருந்தாலோ, தகுதி இருந்தும் உதவி கை நழுவிப் போகும்.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். நல்ல காரியம். ஆனால் கம்பி ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால், பாத்தியில் உப்பு வாரும் பெண்ணுக்கு என்ன பயன்?

நம் பக்கத்துப் புதுச்சேரியைப் பாருங்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. ஊர் இடம் தர வேண்டும், எந்தச் சாதியாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 சுனாமியன்று நல்லவாட்டில் அந்த ஒலிபெருக்கிதான் மக்களைக் கரையிலிருந்து வெளியேறச் சொன்னது. போன் இல்லாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. கருவி சிறியது, எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததுதான் பெரியது.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, நம் நூலக அறையில் பிராட்பேண்ட் இணைப்பும் இரண்டு கணினிகளும். உப்பள வேலை முடித்து வருவோருக்காகப் பிற்பகல் 2 முதல் 5 மணி வரை அறை திறந்திருக்கட்டும். மதம் பாராமல் யாரும் வரலாம். இரண்டு, கல்லூரி படித்த நம் பெண்பிள்ளைகள் இருவர் சம்பளத்தோடு அங்கே அமர்ந்து உதவட்டும். மூன்று, பிறர் ஆதாரும் ஓடிபியும் நமக்கு அமானிதம். நகல் எடுத்து வைக்கக் கூடாது, கட்டணமும் வாங்கக் கூடாது.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில், டீக்கடைக்காரரும் தனி உரிமம் இல்லாமல் பொது வைஃபை வழங்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

கிணறு வெட்டி வைப்பதை நாம் நிலையான தர்மம் என்கிறோம். இந்த அறையின் மாதக் கட்டணத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள். அடுத்த மழைக்கு முன் கதவு திறக்கட்டும். வஸ்ஸலாம்.