கூப்பன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?



எனக்கு முதல் பேசிய நண்பர், ஐஸ் போதைப்பொருள் வைத்திருப்பவனைத் தூக்கில் போடவேண்டும் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் சட்டம் வந்து நாளாயிற்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸோடு பிடிபட்டாலே மரண தண்டனை, இல்லாவிட்டால் ஆயுள் மறியல். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை, அது வேறு கதை. நான் கேட்பது ஒன்றுதான். சட்டம் வந்த பிறகு உங்கள் ஊர்ச் சந்தியில் ஐஸ் குறைந்ததா? குறைந்தது என்றால் இன்னொரு தடவை கைதட்டுங்கள், நான் இறங்கிவிடுகிறேன்.

ஒரு கையும் எழும்பவில்லை.

சட்டம் போதாதென்று 2023 டிசம்பர் 17ஆம் திகதி 'யுக்திய' என்று ஒரு வேட்டையும் தொடங்கினார்கள். நாலு கிழமைக்குள் 29,000 பேருக்கு மேல் கைது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே கவலைப்பட்டு அறிக்கை விட்டது. அவர்களில் பல நூறு பேரை நீதிமன்ற உத்தரவோடு இராணுவம் நடத்தும் முகாம்களுக்கு அனுப்பினார்கள். பொலன்னறுவையில் இருக்கும் கந்தகாடு அப்படி ஒரு முகாம். 2022 ஜூனில் அங்கே ஒருவன் இறந்துபோனான். அதையடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். நோயாளி சுவரேறிக் குதிக்கிற இடத்தை ஆஸ்பத்திரி என்று சொல்வீர்களா? போதைக்காரரை அடைத்துவைக்கும் கட்டாய முகாம்களை மூடுங்கள் என்று 12 ஐ.நா. அமைப்புகள் ஒன்றாகக் கையெழுத்திட்டது 2012இல். நாங்களோ 2023 ஜனவரியில் இந்த முகாம்களுக்குப் பொறுப்பான புனர்வாழ்வுப் பணியகத்துக்குப் புதிதாக ஒரு சட்டமே நிறைவேற்றினோம். போர் முடிந்த பிறகு முன்னாள் போராளிகளை வைத்திருந்த கட்டமைப்பின் தொடர்ச்சிதான் அது. வடக்கில் இருக்கிற எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை.

முகாம் ஏன் தோற்கிறது? ஐஸை நிறுத்திய முதல் நாட்களில் பெடியன் படுத்த படுக்கையாய்க் கிடப்பான். எழும்பினால் தின்பான், திரும்பவும் நித்திரை, மனம் பாதாளத்தில். அது ஒரு கிழமை, இரண்டு கிழமையில் அடங்கிவிடும். முகாமில் எல்லோரும் திருந்தியவர் போலத் தெரிவது அதனால்தான். ஆனால் அந்த ஆசை அடங்க மாதக் கணக்காகும். ஊருக்கு வந்து இறங்கினால் அதே மதகு, அதே கூட்டாளி, போனில் அதே நம்பர். அங்கே அவனோடு நிற்க ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் காசில்லை.

ஹெரோயினுக்கு மெதடோன் உண்டு, புப்ரெனோர்பின் உண்டு. ஐஸுக்கு இன்றைக்கு வரைக்கும் அங்கீகரித்த மருந்து கிடையாது. 2021இல் அமெரிக்காவில் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கண்டது 13.6 வீதம் பேருக்கு, போலி மருந்து கொடுத்தவர்களில் 2.5 வீதம். நல்லதுதான். நூறு பேரில் மிச்சம் 86 பேரை என்ன செய்வது?

ஆய்வுகளில் திரும்பத் திரும்ப முன்னுக்கு நிற்கிற வைத்தியம் ஒன்று இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிகின்ஸ் என்பவர் கொக்கெயின் நோயாளிகளிடம் செய்து பார்த்தது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வா, சலம் கொடு. சுத்தமென்றால் கையோடு ஒரு கூப்பன். அடுத்த முறையும் சுத்தமென்றால் கொஞ்சம் கூட. தவறினால் அன்றைக்கு ஒன்றுமில்லை, அடுத்த முறை அடியிலிருந்து தொடக்கம். ஏச்சும் இல்லை, பொலிசும் இல்லை.

அந்தச் சோதனைப் பட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொரோனாவுக்குப் பார்த்ததற்கு நேர்மாறு இது. இரண்டு கோடு விழுந்தால் சுத்தம், ஒன்றென்றால் பாவனை. இரண்டாவது கோடு மங்கலாய் விழுந்தாலும் சுத்தம்தான். அந்த ஐந்து நிமிஷம் பெடியன் அந்தப் பட்டியையே பார்த்துக்கொண்டிருப்பான். இந்தக் கோட்டுக்காகக் காத்திருக்கப் பழகுகிறானே, வைத்தியம் நடப்பது அங்கேதான்.

"கள்ளனுக்குப் பரிசா? ஒழுங்காய் இருக்கிற என் பிள்ளைக்கு என்ன தருவாய்?" என்று பின்வரிசையில் ஒரு ஐயா கேட்கிறார். ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அமெரிக்காவிலும் இதே கோபம்தான் முப்பது வருஷமாய் இந்த வைத்தியத்தைப் பட்டினி போட்டது. மத்திய அரசின் உதவிப் பணத்தில் நடக்கும் நிலையங்களில் ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 75 டொலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றார்கள். ஆய்வில் பலன் தந்ததோ பல நூறு டொலர். மருந்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு நோய் மாறவில்லை என்பது என்ன நியாயம்? 2025 ஜனவரியில்தான் அதை 750 ஆக்கினார்கள். கலிபோர்னியா 2023 முதல் 24 கிழமைத் திட்டத்தில் 599 டொலர் வரைக்கும் கொடுக்கிறது. முன்னாள் படையினரின் ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் நடக்கிறது, அங்கே கொடுத்த மாதிரிகளில் பத்தில் ஒன்பது சுத்தம். வராமல் விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். கூப்பன் நின்ற பிறகு சிலர் வழுக்குவதும் உண்மை. நீரிழிவுக் குளிசையை நிறுத்தினாலும் சீனி ஏறும், குளிசை பொய் என்று யாரும் சொல்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு சோதனை, 12 கிழமை, மொத்தம் 24. சராசரி ஆயிரம் ரூபாய்க் கூப்பன் என்று வைத்தால், ஒரு நாளும் தவறாத பெடியனுக்கு 24,000 ரூபாய். அதுவும் காசாய் அல்ல, சங்கக்கடையில் அரிசி, மா, பிள்ளைக்குப் பால்மா. தவறினவனுக்குச் செலவும் குறைவு. எந்த மறியற்சாலை உங்களுக்கு இப்படி ஒரு கணக்குக் காட்டும்?

அரசாங்கம் தரட்டும் என்று காத்திருந்தால் போதாது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இல் அமைந்தது. அது நெடுங்காலமாய் நடத்தும் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, பேராதனை, காலிப் பக்கம். முல்லைத்தீவில் இருக்கிற தாய் மகனைக் கூட்டிக்கொண்டு கிழமைக்கு இரண்டு தரம் பேராதனைக்கு பஸ் ஏறுவாளா? இங்கே கோயில்களுக்கு வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது, கோபுரம் எழும்புகிறது, திருவிழா உபயத்தில் வாணம் ஒரு இரவில் வெடித்துத் தீர்கிறது. நான் நாத்திகம் பேச வரவில்லை. தர்மகர்த்தாக்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், ஒரு இரவு வாணத்தை விட்டுத்தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாசல் மேசையில் இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு மனு: ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் ஒரு அறை, ஒரு தாதி, ஒரு உளவளத்துணையாளர், சோதனைப் பட்டி. மற்றத் தாள் வெறுமையாய் இருக்கிறது. கூப்பனை ஏற்றுக்கொள்ளும் சங்கங்களின் தலைவர்களும், காசு தர முன்வரும் கோயில்களும் அதில் பெயரையும் தொகையையும் எழுதுங்கள்.