இருக்கையின் பெயரும் பொருளின் பெயரும்



பெயர்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். தொல்காப்பியத்தின் பெயரியலிலிருந்து தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கணிப்பொறியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குக் காரணம் உண்டு. பத்தாண்டு மலருக்காக நம் கவியரங்கக் கவிதைகளைத் திரட்டியபோது, ஒரு பெயர் மாறியதால் அவற்றுள் ஒரு பகுதியை நாம் இழந்தோம்.

கவிதைகளும் ஒலிப்பதிவுகளும் பழைய வன்தட்டு ஒன்றில் இருந்தன. அதனை அப்படியே புதிய வன்தட்டுக்குப் படியெடுக்க என் மாணவர் ஒருவர் முன்வந்தார். லினக்ஸ் இயங்குதளம் அன்று பழையதற்கு எஸ்டிபி என்றும் புதியதற்கு எஸ்டிசி என்றும் பெயர் தந்திருந்தது. அவர் கட்டளையைத் தாளில் குறித்துக்கொண்டார். மறுநாள் கணிப்பொறியை மீண்டும் இயக்கி, குறித்தவாறே தட்டச்சு செய்தார். அதற்குள் இரு பெயர்களும் இடம் மாறியிருந்தன. வெறுமை நிறைவின்மேல் படியத் தொடங்கியது. விரைவிலேயே நிறுத்தினோம், ஆயினும் இரண்டாண்டுப் பதிவுகள் மீளவில்லை.

இப்பிழை எங்கே பிறந்தது? லினக்ஸின் உட்கருவை, அதாவது கெர்னலை, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டார். முன்னாளில் ஐடிஇ வகை வன்தட்டுகளுக்கு அதில் இடத்தால் பெயர் அமைந்தது. இரண்டு கேபிள்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இடங்கள். ஆக எச்டிஏ முதல் எச்டிடி வரை நான்கு பெயர்கள். இரண்டாம் கேபிளின் முதலிடத்தில் ஒரே ஒரு தட்டு இருந்தாலும் அது எச்டிசிதான். நன்னூலார் கூறும் அறுவகைப் பெயர்களுள் இதனை இடப்பெயர் எனலாம். ஸ்கசி வகைக்கோ கண்டறியப்பட்ட வரிசையே பெயராயிற்று: முதலில் கண்டது எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி. இது காலத்தால் வந்த பெயர். சாட்டா, யுஎஸ்பி வகை வன்தட்டுகளும் இம்முறையிலேயே பெயர் பெறுகின்றன. ஒரு தட்டு விழித்தெழச் சற்றே தாமதித்தால் அதன் பெயர் மற்றொன்றுக்குப் போய்விடும். அப்படியானால் அது பெயரன்று, இருக்கை எண்.

கெர்னலே நிலைத்த பெயரைத் தரலாகாதா எனக் கேட்கலாம். அம்முயற்சியும் நடந்தது. ரிச்சர்டு கூச் எழுதிய டெவ்எஃப்எஸ் 2000இல் கெர்னலின் வளர்நிலைப் பதிப்பில் சேர்ந்தது. ஒரு கருவி எவ்வழியில் இணைந்துள்ளது என்பதைக் கொண்டு கெர்னலே நெடும்பெயர் வைத்தது. எதைக் கொண்டு பெயரிடுவது என்பதைப் பயன்படுத்துவோரே முடிவு செய்ய வேண்டும். அதனைக் கெர்னலுக்குள் வைத்துப் பூட்டலாகாது என்ற மறுப்பு எழுந்தது. 2003இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் யூடெவ் என்னும் மென்பொருளைக் கொண்டுவந்தார். 2006இல் டெவ்எஃப்எஸ் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. இன்றும் கெர்னல் வன்தட்டுக்குத் தருவது நிலையற்ற பெயரே. கெர்னலுக்கு வெளியே நின்று யூடெவ் அத்தட்டை வினவி, அதற்கு வேறு பெயர்களையும் சூட்டுகிறது.

அப்பெயர்களுள் நால்வகையைக் குறிப்பிடலாம். இணைந்துள்ள வழியால் வருவது ஒன்று. தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண் ஆகியவற்றால் வருவது மற்றொன்று. இதனை உடலின் பெயர் எனலாம். உரியவர் தாமே சூட்டுவது மூன்றாவது. நான்காவது யூயூஐடி. தட்டில் கோப்பு முறைமையை அமைக்கும்போது பிறந்து, அதன் உள்ளேயே எழுதப்படும் 128 பிட் எண் அது. இடைக்கோடுகளையும் சேர்த்து 36 குறிகள். பொருளைச் சுட்டுவதன்றி வேறு பொருளில்லாத தூய இடுகுறிப்பெயர்.

இவற்றுள் எது நிலையானது? தட்டை வேறு துளையில் செருகினால் வழிப்பெயர் மாறும், உடற்பெயர் மாறாது. உள்ளிருப்பதை அழித்துப் புதிதாக அமைத்தால் யூயூஐடி மாறும். வரிசை எண் மாறாது. முழுவதையும் வேறொரு தட்டுக்குப் படியெடுத்தால் வரிசை எண் வேறாகும். யூயூஐடி உடன் செல்லும். அப்போது மூலத்துக்கும் படிக்கும் ஒரே பெயராகிவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, அத்தகைய இரட்டையரை ஒருங்கே ஏற்க இயல்பாக மறுப்பது இதனால்தான். எனவே, எல்லா நிலையிலும் நிலைக்கும் பெயர் என ஒன்றில்லை. இடமா, உடலா, உள்ளுறையா, எது மாறாதிருக்க வேண்டும் என்று முதலில் நாம் தெளிய வேண்டும். எங்கள் பணிக்கு உரியது உடற்பெயரே. வெறுந்தட்டுக்கு உள்ளுறையால் பெயர் ஏது? அன்று வரிசை எண்ணால் கட்டளையிட்டிருந்தால் ஒரு கவிதையும் அழிந்திராது.

செம்புலப்பெயனீராரை எண்ணிப் பாருங்கள். அவருடைய இயற்பெயரை நாம் அறியோம். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டில் அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராயிற்று. தொகுத்தவர்கள் 'நாற்பதாவதாக வைக்கப்பட்டவர்' என்று எழுதிவைக்கவில்லை. பாட்டின் உள்ளிருந்து எடுத்த பெயராதலால், பாட்டு உள்ளவரை அதுவும் உடனிருக்கும்.

மீட்ட கோப்புகளில் ஏழு கவிதைகளுக்கு, அவற்றைப் படித்த வரிசையே பெயராக உள்ளது: 'கவிஞர் 3', 'கவிஞர் 5' என்றவாறு. பாடியவர் யாரென்று தெரியவில்லை. உரை முடிந்ததும் அவற்றை இங்கே படிக்கப்போகிறோம். தம்முடையதை அடையாளம் காண்பவர் தாளிலேயே பெயரையும் பாடிய நாளையும் எழுதித் தாருங்கள். இனி நீங்கள் தரும் ஒவ்வொரு கவிதையிலும் அவ்விரண்டும் உள்ளேயே இருக்கட்டும். மலர் அச்சேறுமுன் அவ்வேழுக்கும் உரியவர் கிடைத்தாக வேண்டும்.