நிலவியலும் நம் இளைஞரும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் ஏடு கொடுத்த சங்கம் இது. அவர்களுள் ஆசிரியர் உண்டு, எழுத்தர் உண்டு, செவிலியர் உண்டு. நிலவியல் வல்லுநர் ஒருவரேனும் உண்டா? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மண்ணும் பாறையும் நீரும் எவ்வாறு அமைந்தன, எவ்வாறு மாறுகின்றன என்று ஆராயும் கல்வியே நிலவியல். அதற்குச் சான்று தேடி இமயம் செல்ல வேண்டுவதில்லை. நம் பழவேற்காட்டு ஏரியே போதும். பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் கடல் மட்டம் உயர்ந்து, தாழ்ந்த நிலத்துள் நீர் புகுந்தது. அலைகள் குவித்த மணல் நீண்ட திட்டாக எழுந்து, அந்நீரைக் கடலினின்றும் பிரித்தது. அத்திட்டே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு.

முகத்துவாரம் ஏன் தூர்கிறது? தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகிறது. ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்லும் மணலே மிகுதி. கோடையில் ஆரணியாறு வற்றியதும், உள்ளிருந்து மணலைத் தள்ளும் விசை குறைகிறது, வாய் அடைபடுகிறது. ஏரி உப்பேறுகிறது, கடலிலிருந்து இறால் குஞ்சுகள் வர வழியில்லை. வடக்கே ஓடும் அந்நீரைத் ‘தெண்டி’ என்று எழுத்தறியாத நம் முன்னோரே பெயரிட்டு வழங்கினர்.

1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகம் இம்மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் நமக்குத் தெற்கே எழுந்தன. எங்கே கல் கொட்டுவது, எங்கே தூர் வாருவது, எங்கே தூண்டில் வளைவு அமைப்பது என்பன வல்லுநர் அறிக்கைகளைக் கொண்டே முடிவாகின்றன. அவ்வல்லுநருள் நம் வீட்டுப் பிள்ளை இல்லையெனில், நம் குறை மனுவோடு நின்றுவிடும்.

இவ்வேரியில் வலையிடும் இடங்களைப் ‘பாடு’ என முறைவைத்துப் பகிர்ந்தனர். அப்பகிர்வில் நம்மவர்க்குப் பங்கில்லை. கல்வியிலும் அத்தகைய பாடு வகுக்க எவரையும் விடலாகாது.

நான் கல்லூரியிற் சேரச் சென்றபோது விண்ணப்பத்தில் நிலவியல் என்றே எழுதியிருந்தேன். அலுவலர் ஒருவர், “உங்களுக்கெல்லாம் இது வராது, வரலாறு எடு” என்று அடித்து எழுதினார். நான் மறுத்துப் பேசவில்லை. வரலாறு எனக்குச் சோறிட்டது. எனினும் அன்றைய என் மௌனம் இன்றும் உறுத்துகிறது.

இளைஞர்களே, மேல்நிலையில் சேரும் நாளிலேயே இயற்பியலும் வேதியியலும் உள்ள பிரிவைக் கேளுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் இளநிலைப் பட்டமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் முதுநிலைப் பட்டமும் பயிலலாம். முதுநிலை முடித்தோர் மத்தியத் தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வெழுதி, 1851இல் நிறுவப்பெற்ற இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் பணியேற்கலாம். வயது வரம்பில் நமக்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையும் உண்டு.

பெற்றோர்களே, “கல்லையும் மண்ணையும் படித்து என்ன பயன்?” என்று கேளாதீர்கள். அந்த மண்ணே நம் வாழ்வைத் திறக்கிறது, அடைக்கிறது. அடுத்த விழா மேடையில் நம் நிலவியல் வல்லுநர் ஒருவர் நின்று பேச, நான் கீழே அமர்ந்து கேட்கும் பேறு கிட்டுமாக!