பெரகலச் சந்திக்கு வந்த சிந்தனைகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கொழும்பிலிருந்து பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பாதை பெரகலயில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொஸ்லந்தை, வெல்லவாய பக்கம் இறங்குகிறது. மற்றது அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைக்குப் போகிறது. இந்தப் பாதைகளில் அரிசியும் துணியும் வந்ததை நாம் அறிவோம். எண்ணங்களும் இப்படித்தான் ஊர் ஊராக வந்தன. எங்கோ பிறந்த புதிய எண்ணங்கள் நம் தோட்டங்களுக்கு எப்படி வந்தன, வந்து என்ன செய்தன என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

1687இல் நியூட்டன் தம் பெருநூலை வெளியிட்டார். வானத்துக் கோளும் மரத்திலிருந்து விழும் பழமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று அது காட்டியது. இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இயற்கையில் ஒருவருக்கு ஒரு விதி, மற்றவருக்கு வேறு விதி என்று இல்லையானால், மனிதருக்குள் மட்டும் அரசனுக்கு ஒன்று, குடியானவனுக்கு ஒன்று என்று ஏன் இருக்க வேண்டும்? சிந்திப்பவர்கள் மனத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. மக்களின் சம்மதமே ஆட்சிக்கு அடிப்படை என்றார் லாக். இறைமை மக்களுடையது என்று 1762இல் எழுதினார் ரூசோ. 1789இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது.

ஆனால் அந்த 'மனிதன்' என்ற சொல்லுக்குள் பெண் இருந்தாளா? நியூட்டனின் நூலைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுவந்தவரே எமிலி து சாத்லே என்ற பெண்மணிதான். ஆயினும் பெண்ணின் கல்வி ஆணுக்கு உகந்ததாக அமைந்தால் போதும் என்றே ரூசோ கருதினார். 1791இல் ஒலிம்ப் து கூஜ் என்பவர் பெண்ணுரிமைப் பிரகடனம் ஒன்றை எழுதினார். இரண்டு ஆண்டுகளில் அவர் தலை வெட்டப்பட்டது. புதிய எண்ணம் ஒன்று வந்ததும் அதில் தாமும் சேர்த்தியா என்று ஒருத்தி எழுந்து கேட்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டுக் கதையும் அதுதான்.

1927இல் இலங்கையில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதன் சார்பில் சாட்சியம் சொன்னவர்களில் ஒருவர் அக்னஸ் டி சில்வா. தோட்டத்தில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் பிரபு அவரிடம் கேட்டார். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கிறோம் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். நம் பாட்டிமார் கொழுந்துக் கூடையோடு மலையில் நின்றபோது, அவர்களை ஒருநாளும் பார்த்திராதவர்கள் கொழும்பில் அவர்களுக்காகவும் பேசினார்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. பிரான்சு தேசத்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1944இல்தான். நம் மக்களுக்கு மட்டும் அந்தக் கதவு பாதிதான் திறந்தது. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை பலரை வெளியே நிறுத்தியது.

சட்டம் ஒரு பக்கம் இருக்க, லயத்துக்குள் புதிய எண்ணம் நுழைந்த விதம் வேறு. தோட்டம் என்பது அன்று துரையின் தனி இராச்சியம். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது முதல் கலியாணத்துக்குப் போக அனுமதி தருவது வரை அவர் வைத்ததே சட்டம். வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் போய்த் தொழிலாளரின் நிலையை அறிந்தார். 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தினார். 1931இல் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் நம் மக்களின் துயரத்தைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். படிக்கத் தெரியாதவர் காதுக்கும் எட்டும்படி உரிமை என்ற எண்ணத்தைக் கொண்டுபோனது அந்தப் பாட்டு.

தெற்கே இன்னொரு வழியாகவும் அந்த எண்ணம் வந்தது. லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்துத் திரும்பிய இளைஞர்கள் மார்க்சின் கருத்துகளோடு வந்தார்கள். 1934-35இல் மலேரியா பரவி ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். காய்ச்சலைக் கொடுப்பது நுளம்பு என்பதை விஞ்ஞானம் அதற்கு முன்பே கண்டுபிடித்திருந்தது. ஆனால் அதே காய்ச்சலில் சிலர் பிழைக்கவும் பலர் சாகவும் காரணம் என்ன? நிவாரணத்துக்குப் போனவர்கள் அந்தக் குடிசைகளில் பட்டினியைக் கண்டார்கள். மருந்தோடு பருப்பும் கொடுத்த என். எம். பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தயா' என்ற பேரே நிலைத்தது. நோய்க்குக் காரணம் தேடியவர்கள் வறுமைக்குக் காரணம் தேடினார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அதற்கு முன்னோடியான சூரியமல் இயக்கத்துக்குத் துணை நின்றவர், கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலையின் அதிபராயிருந்த டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. பெண்கள் பாடசாலைகளுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

இனி நம் ஊவாவுக்கு வருவோம். 1940 ஜனவரியில் மூலோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்த ஆண்டு மே மாதம் வேலைநிறுத்த அலை ஊவாவில் வீசியது. பதுளைப் பகுதியிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களையும் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டார்கள். ரூசோவின் பேரைக் கேட்டிராத மக்கள், இறைமை மக்களுடையது என்பதை ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடத்திக் காட்டினார்கள்.

அது நீடிக்கவில்லை. வெள்ளத்தால் ஊவாவுக்கான பாதைகள் ஒரு வாரத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டன. பொலிஸ் அடக்குமுறை வேலைநிறுத்தத்தை முறியடித்தது. ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, வாக்கும் போயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. நம் வகுப்புகளில் காலியான வாங்குகளின் காரணம் அதுதான். எஞ்சிய நாடற்றோருக்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

உரிமைக்காகச் சேர்ந்து போராடிய நம் மக்களுக்குள்ளும் பெண்ணின் முறை கடைசியாகவே வந்தது. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. அதே மலை, அதே மழை, அதே அட்டைக்கடி. கொழுந்து பறிப்பதில் பெண்ணின் கையே முந்தியது. ஆனாலும் கூலி குறைவு. இருவருக்கும் சமமான நாட்கூலி 1984இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகே கிடைத்தது. இடையில் 57 ஆண்டுகள்! பிரட்டுக்களத்தை எதிர்த்து நின்ற ஆண்களில் எத்தனை பேர் பக்கத்தில் நின்ற மனைவியின் கூலியைப் பற்றிக் கேட்டார்கள் என்று நாம் கேட்காமலிருக்க முடியாது.

தோழியரே, நல்ல எண்ணம் தானாக நம் வாசலுக்கு வந்து சேராது. யாரோ மொழிபெயர்க்க வேண்டும், யாரோ பாட வேண்டும், யாரோ சபையில் எழுந்து கேட்க வேண்டும். படித்தவர்கள் என்ற பேரை நமக்குத் தந்த பாடசாலைக்கு நாம் பட்ட கடன் அது. வேவெஸ்ஸ பற்றி நாம் படித்த நூல்கள் தலைவர்களின் பேரைச் சொல்கின்றன. கூடை சுமந்த பெண்களின் பேரைச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறை போய்விட்டது. ஆனால் 1984இல் வேலைக்குப் போகாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாமார் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

நூற்றாண்டு நினைவாக ஒரு வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். நாம் ஒவ்வொருவரும் அப்படிப்பட்ட ஓர் அம்மாவிடமாவது போய் உட்கார்ந்து, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி, நம் பாடசாலை நூலகத்தில் சேர்ப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தொடங்கலாம். நாளை இங்கே படிக்கும் பிள்ளை புரட்சி என்ற பாடத்தைத் திறக்கும்போது, பாரிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் தன் பாட்டியின் பேரையும் அவள் காண வேண்டும்.