தலைவிதியா? சுரப்பி நீரா?

(ஒரகடத்தில் தொழிலாளர்கள் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பக்கத்திலுள்ள ஸ்ரீபெரும்புதூர் ஆயிரம் வருஷத்திற்கு முன் இராமானுஜர் பிறந்த ஊர் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. இன்று அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் உலகத்தாருக்கு நினைவு வருவது மோட்டார்க் காரும் கைபேசியுந்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் செய்ய ஆரம்பித்தது முதல் இவ்வட்டாரத்தில் இரவு பகல் இல்லாமல் யந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. யந்திரத்திற்கு இரவும் பகலும் ஒன்று. அதன் முன் நிற்கிற மனித உடம்புக்கும் ஒன்றுதானா? இதைப்பற்றியே இன்று பேச நினைக்கிறேன்.

நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து ஒரு பெண் இங்கு வேலைக்கு வருகிறாள். மாறி மாறி இரவு ஷிப்டு பார்க்கிறாள். இரண்டு மூன்று மாதம் மாதவிலக்கு நின்றுபோகிறது, உடம்பு சோர்கிறது, தூக்கம் வருவதில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை. ஊருக்குப் போனால் தாயார் என்ன செய்கிறாள்? பூசாரியிடம் இழுத்துப் போகிறாள். அவன், இராத்திரி பஸ் இறங்கி வரும்போது புளியமரத்துப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லிக் கயிறு கட்டி ரூபாய் வாங்கிக்கொள்ளுகிறான். அண்டை வீட்டாரோ, பேயை விட மோசமாக, அவள் நடத்தையைப்பற்றிப் பேசுகிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் வைத்தியரைக் கேட்பதில்லை.

உண்மை என்ன? 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டுப் பார்த்தார்கள். குடலில் புளிப்பு நீர் பட்டதும், நரம்பு இல்லாமலேயே, கணையம் தன் நீரைச் சுரந்தது. அப்படியானால் சேதி போனது எவ்வழி? இரத்தத்தின் வழி. குடலிலிருந்து ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து போய்க் கணையத்தை எழுப்புகிறது. இப்படிப்பட்ட பொருளுக்கு 1905-ல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்று பேர் வைத்தார். கிரேக்க மொழியில் கிளப்பிவிடுவது என்று பொருள்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி தொங்குகிறது. மூளை அதற்குக் கட்டளையிடுகிறது. அது சூலகத்திற்குக் கட்டளையிடுகிறது. சூலகம் தன் நீரைச் சுரந்து கருப்பையின் உட்தோலைத் தடிக்கச் செய்கிறது. கரு தங்காவிட்டால் அந்த நீர் குறைகிறது. உடனே தடித்த தோல் கழிந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. இதைத்தான் நமது சாஸ்திரக்காரர்கள் தீட்டு என்று எழுதி, அவளை மூலையில் உட்கார வைத்தார்கள். பிள்ளை தங்கினால் சீமந்தம், தங்காவிட்டால் தீட்டு! இரண்டும் ஒரே தோல்தானே, தோழர்களே!

மேல் தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பிக் குழாயை அடைப்பதுபோல, இரத்தத்தில் நீர் அதிகமானால் சுரப்பிகளில் பல தாமே அடங்குகின்றன. இந்தக் கணக்குக்கு ஒரு கடிகாரமும் உண்டு. கண்ணில் படும் வெளிச்சமே அதற்குச் சாவி. இருட்டினால் மெலடோனின் என்ற நீர் ஊறுகிறது. விளக்கு வெளிச்சம் அதைத் தடுக்கிறது. விடியற்காலை கார்டிசால் உயர்ந்து உடம்பை எழுப்புகிறது. இக்கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்ட மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாரம் காலை, அடுத்த வாரம் இரவு என்று மாற்றினால் கடிகாரம் குழம்பும். மாதவிலக்குத் தவறுவது இரவு வேலைப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். ஆண்கள் சிரிக்க வேண்டாம்! இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் நீரிழிவு வருவதும் இரவு வேலைக்காரரிடம் அதிகம். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி இத்தேசத்தில் நீரிழிவுக்காரர் சுமார் 10 கோடி.

எல்லாவற்றையும் ஷிப்டின் தலையில் போடவும் கூடாது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தப்பட்டாலும் சோர்வு, உடம்பு பருத்தல், மாதவிலக்குக் குழப்பம் எல்லாம் வரும். அப்படிப்பட்டவளை மாமியார் சோம்பேறி என்கிறாள். கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பரீட்சித்தால் தெரிந்துவிடுகிறது; உடம்பு சுரக்க வேண்டிய அதே பொருளைச் சிறு மாத்திரையாக வைத்தியர் கொடுக்கிறார். எந்தக் கயிற்றில் இது இருக்கிறது?

உடனே சில பெரியவர்கள், “பார்த்தாயா, இதற்குத்தான் பெண்கள் இராவேலைக்குப் போகக்கூடாது என்றோம்” என்பார்கள். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் அப்படித்தான் தடுத்து வைத்திருந்தது. அப்பிரிவு செல்லாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. வாகனம், பாதுகாப்பு முதலிய நிபந்தனைகளையும் போட்டது. அது சரியான தீர்ப்பு. சம்பளத்தை வாங்கிக்கொண்டு தன் காலில் நிற்கிற பெண்ணை மறுபடி அடுப்படிக்கு அனுப்புவதற்கு ஹார்மோனைச் சாட்சி கூப்பிட வேண்டாம். கெடுதல் ஆணுக்கும் உண்டென்றால், ஆணையும் வீட்டில் உட்கார வைப்பார்களா? மாற்ற வேண்டியது வேலையின் ஏற்பாட்டையே.

என்ன கேட்கலாம்? ஷிப்டு மாற்றுவதானால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றச் சொல்லுங்கள். பின்னோக்கி மாற்றுவதை உடம்பு அவ்வளவு எளிதில் ஏற்காது. வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பெண்கள் தங்க அரசாங்கம் விடுதி திறந்திருக்கிறது. அதிலாகட்டும், தனியார் விடுதிகளிலாகட்டும், ஒரே ஷிப்டுக்காரரை ஒரே அறையில் வைத்து, பகலில் தூங்க இருட்டுத் திரை போடச் சொல்லுங்கள். மூன்று மாதம் மாதவிலக்கு நின்றால் வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூட்டம் முடிந்ததும் இங்கு வந்திருக்கிற பெண் டாக்டர் கொஞ்ச நேரம் இருப்பார். என்னிடம் கேட்கக் கூசுகிற சகோதரிகள் அவரிடம் கேட்கலாம். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கட்டும், அவர்கள் பஸ் வந்துவிடும்.